குவளையை மூடிய கை

குடிக்கிற கடையைப் பற்றி ஒரு பொம்பளை எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்கள் தெருவில் சாராயக்கடையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் பொம்பளைகள்தான். அது எப்போது திறக்கும், எப்போது மூடும், கூலி வாங்கிய கை அங்கே போய்ச் சேருமுன் எந்த முக்கில் மறித்து நிற்க வேண்டும், எல்லாம் எங்களுக்கு அத்துபடி. உள்ளே போகாமலே ஒரு கடையை ஆயுசு முழுக்கச் சுமந்தவளுக்கு அதைப் பற்றி எழுத உரிமை உண்டு.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். நியூயார்க்கில். ஒரு சனிக்கிழமை அவன் சொன்னான்:

"அத்தே, இங்க பழைய குடிக்கடைங்களையெல்லாம் ஒவ்வொண்ணா நடந்தே போய்ப் பாக்குறதுன்னு ஒண்ணு இருக்கு. பப் கிரால்னு சொல்லுவாங்க. போவமா?"

"கிரால்னா என்னடா?"

"தவழுறது அத்தே."

"நம்ம ஊர்லயும் உண்டே. உங்க தாத்தா வாராவாரம் செய்வாரு."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் தவழ்ந்து வந்த ராத்திரிகளில் எங்க அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் நடந்தது கிரீனிச் வில்லேஜ் என்கிற பகுதி. மன்ஹாட்டன் தீவின் தென்பாதியில் இருக்கிறது. நகரத்தின் மற்ற தெருக்கள் கோடு கிழித்த மாதிரி நேராக ஓடும். இங்கே மட்டும் வளைந்து, குறுகி, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். எழுத்தாளர்கள், ஓவியர்கள், கலகக்காரர்கள் வாழ்ந்த இடம் என்று பெயர். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஹட்சன் தெருவில் 1880இல் திறந்த 'ஒயிட் ஹார்ஸ்' கடை முன்னால் நின்று, வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் இங்கேதான் குடித்தார், 1953 நவம்பரில் செத்துப்போனார் என்று கதை சொல்வார்கள். பதினெட்டு விஸ்கி என்று கணக்கும் சொல்வார்கள். ஒரு வெள்ளைக் கவிஞன் குடித்துச் செத்தால் அது இலக்கியம். எங்கள் அய்யாமார் செத்தது வெறும் சாவு.

யார் குடித்தார்கள் என்பது அந்தக் கதைகளில் இருக்கும். யாருக்கு ஊற்றவில்லை என்பதை ஓரத்தில் தேட வேண்டும். நான் அதைத்தான் கேட்டுக்கொண்டே நடந்தேன். இரட்டைக் குவளை ஊரில் பிறந்தவளுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று நெளிந்த அலுமினிய டம்ளர் இரண்டு மூன்று கூரைக் கம்பில் செருகியிருக்கும். அய்யா அதை எடுத்து, கழுவி, ஏந்தி நிற்பார். டீ உயரத்திலிருந்து விழும். குடித்துவிட்டு மறுபடி கழுவி எடுத்த இடத்திலேயே செருக வேண்டும். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், உட்கார பெஞ்சு. அதே அய்யாவும் அதே ஊர்க்காரர் ஒருவரும் டவுன் சாராயக்கடையில் ஒரே கிளாஸில் மாற்றி மாற்றிக் குடித்திருக்கிறார்கள். 'குடியில சாதி இல்ல'ன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. போதையில் இல்லைதான். விடிஞ்சா இருக்கு.

*

முதலில் போனது கிழக்குப் பக்கம், ஏழாம் தெருவில் இருக்கிற மெக்சோர்லீஸ். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஜான் மெக்சோர்லி தொடங்கிய கடை. 1854இல் தொடங்கியதாகப் பலகை சொல்கிறது. தரையில் மரத்தூள், சுவர் முழுக்கப் பழைய படங்கள். இரண்டே வகை பீர்தான், வெளிர் ஒன்று, கறுப்பு ஒன்று. ஒன்று கேட்டால் இரண்டு சின்னக் குவளையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது அந்தக் கடை வழக்கம். மேசை மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குவளை இருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. இரண்டும் ஒரே மாதிரி குவளைதானா என்று கண் தானாகப் பார்த்துக்கொண்டது.

இந்தக் கடையில் நூறு வருடத்துக்கு மேல் பெண்களுக்கு இடமில்லை. நல்ல பீர், பச்சை வெங்காயம், பொம்பளை கிடையாது என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கடை. 1939இல் கடை ஒரு பெண்ணுக்கே சொந்தமானது. டோரதி ஓகானல் கிர்வன். தகப்பனாரிடமிருந்து வந்தது. அவருக்குக் கொடுத்த வாக்குக்காக, ஆட்கள் இருக்கும் நேரத்தில் தன் சொந்தக் கடைக்குள் அந்த அம்மா காலெடுத்து வைக்கவில்லை. சொத்து அவள் பேரில், வாசப்படி ஆம்பளைங்க பேரில். நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி காலனிப் பெண் பேரில் இருக்க, அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1969 ஜனவரியில் ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்ற இரண்டு பெண்கள் உள்ளே போய் பீர் கேட்டார்கள். தரவில்லை. வழக்குப் போட்டார்கள். 1970 ஜூனில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி நியூயார்க் மேயர், பொது இடங்களில் பெண்களை மறுக்கக் கூடாது என்ற நகரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு உள்ளே போன பெண்ணியவாதி லூசி கோமிசார் தலையில் ஒருவன் பீரைக் கொட்டினான். பெண்களுக்கென்று கழிப்பறை கட்ட இன்னும் பதினாறு வருடம் ஆனது. 1986இல்தான் வந்தது. சட்டம் கதவைத் திறக்கும். கக்கூஸ் கட்டாமல் விட்டுக் கதவை மறுபடி சாத்துவது எப்படி என்று ஆதிக்கத்துக்குத் தெரியும்.

*

அங்கிருந்து மேற்கே நடந்து வாஷிங்டன் சதுக்கத்தைத் தாண்டினால் மக்டூகல் தெரு. அதிலிருந்து பிரிவது மினெட்டா சந்து. வில்லா மாதிரி வீடுகள், விலை உயர்ந்த சாப்பாட்டுக் கடை. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சந்தும் சுற்றியுள்ள தெருக்களும் கறுப்பர் குடியிருப்பு. 'லிட்டில் ஆப்பிரிக்கா' என்பார்கள்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. இந்த ஊர் டச்சுக்காரர்களிடம் இருந்தபோது, 1644இல், பதினோரு கறுப்பு அடிமைகள் மனுக் கொடுத்துப் பாதி விடுதலை வாங்கினார்கள். பாதி விடுதலை என்றால், அவர்களுக்குச் சுதந்திரம், பிறந்த பிள்ளைகளும் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அடிமைகள். வருடா வருடம் கம்பெனிக்குத் தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் கட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் நிலமும் கிடைத்தது. சும்மா கொடுக்கவில்லை. பூர்வகுடிகள் தாக்கினால் முதல் அடி இவர்கள் மேல் விழட்டும் என்று ஊருக்கு வெளியே வேலி மாதிரி வைத்தார்கள். 1664இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உரிமைகள் போயின. 1712இல் விடுதலை பெற்ற கறுப்பர்கள் நிலமே வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1892 அரசாணையில் கிடைத்த பஞ்சமி நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தேடி அலைகிற தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தத் தெருக்களில்தான் கறுப்பரும் வெள்ளைக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து குடிக்கும் மலிவான கடைகள் இருந்தன. 'பிளாக் அண்ட் டேன்' கடைகள் என்று பெயர். ஏழைகள் படும் பாட்டைப் படம் பிடித்து 1890இல் புத்தகம் போட்ட சீர்திருத்தக்காரர் ஜேக்கப் ரீஸ், நகரத்தில் உள்ள மோசமான இடங்களிலேயே படு மோசமானவை இவைதான் என்று எழுதினார். பட்டினி, நெரிசல், சாக்கடை எல்லாவற்றையும் பார்த்து இரங்கிய மனுசனுக்கு, இரண்டு நிறத்து ஏழைகள் ஒரே மேசையில் குடிப்பது மட்டும் தாங்கவில்லை. இரக்கப்படுகிறவர்கள் எல்லாம் சமமாக உட்காரச் சம்மதிப்பார்கள் என்று நினைக்கக் கூடாது.

அந்தக் கடைகளில் ஒன்று கூடப் பாரம்பரியக் கடை என்று நிற்கவில்லை. குடித்தவர்கள் வடக்கே ஹார்லெம் பக்கம் தள்ளப்பட்டார்கள். 1940களில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் ஹார்லெமிலிருந்து இங்கே திரும்பி வந்தபோது, இதே மக்டூகல் தெருவில் டிரினிடாட் பெண் ஒருவர் நடத்திய 'கலிப்ஸோ' என்ற உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். அதே தெருவில் எழுத்தாளர்கள் கூடும் பெயர்போன குடிக்கடைகள் இருந்தன. கறுப்பனாக அங்கே நுழைவது என்ன பாடு என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியதில் ஒரு இடம் எனக்கு மறக்காது. வில்லேஜுக்கு வருமுன், நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரத்தில், இங்கே நீக்ரோக்களுக்குப் பரிமாறுவதில்லை என்று கேட்டுக் கேட்டுச் சலித்த ஒரு ராத்திரி. பகட்டான ஓர் உணவகத்தில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தார். அதே பதில். மேசை மேல் பாதித் தண்ணீரோடு ஒரு குவளை இருந்தது. எடுத்து வீசினார். பரிமாறும் பெண்ணைத் தவறி, பின்னால் இருந்த கண்ணாடியில் பட்டுத் தூள்தூளானது. தப்பித்து ஓடினார். 1955இல் வந்த 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' புத்தகத்தில் இது இருக்கிறது. அதைப் படித்தபோது கூரைக் கம்பில் செருகியிருந்த அலுமினிய டம்ளர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்க அய்யா அதை ஒரு நாளும் வீசவில்லை. வீசியிருந்தால் அன்றைக்கே எங்கள் தெரு எரிந்திருக்கும்.

*

இன்னும் மேற்கே, ஷெரிடன் சதுக்கம். 1ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் 1938 டிசம்பரில் 'கஃபே சொசைட்டி' என்று ஒரு இரவு விடுதி திறந்தது. திறந்தவர் பார்னி ஜோசப்சன். செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். யூதர். பால்ட்வின் குவளை வீசிய அதே டிரென்டன்காரர். ஹார்லெமில் இருந்த பெரிய விடுதியான காட்டன் கிளப்பில் மேடையில் ஆடிப் பாடுவது கறுப்பர், கீழே உட்கார்ந்து குடிப்பது வெள்ளைக்காரர். நம் ஊரில் பறை அடிக்க நம் ஆள் வேண்டும், பந்தியில் உட்காரக் கூடாது என்பது போல. ஜோசப்சன் மேடையிலும் மேசையிலும் இரண்டு நிறத்தையும் கலந்து வைத்தார்.

1939இல் பில்லி ஹாலிடே அங்கே 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டைப் பாடினார். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை அடித்து மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றிய பாட்டு. எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற பள்ளிக்கூட வாத்தியார். ஜோசப்சன் ஒரு விதி வைத்தார். அந்தப் பாட்டுத் தொடங்கினால் பரிமாறுவது நிற்க வேண்டும். விளக்கெல்லாம் அணைந்து அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். யாருக்கும் ஊற்றக் கூடாது. குடிக்கவும் முடியாது, பேசவும் முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு குடிக்கடையில் ஊற்றாமல் நிறுத்துவதை இப்படியும் பயன்படுத்தலாம் என்பது எனக்குப் புதுசு.

1947இல் பார்னியின் அண்ணன் லியோன், கம்யூனிஸ்ட், நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனார். பத்திரிகைகள் விடுதியையும் சேர்த்துத் தாக்கின. கூட்டம் குறைந்தது. 1940கள் முடிவதற்குள் மூடிவிட்டார்கள்.

*

பக்கத்திலேயே கிறிஸ்டோபர் தெருவில் ஸ்டோன்வால். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். 1969 ஜூன் 28 விடியற்காலையில் போலீஸ் உள்ளே நுழைந்தது. தன்பால் ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் தெருவில் கிடந்த பையன்களும் திருப்பி அடித்தார்கள். ஆறு நாள் கலகம். 2016இல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள்.

அந்தக் கடை மாஃபியாக்காரர்கள் கையில் இருந்தது. மது உரிமம் கிடையாது. ஊற்றிக் கொடுக்கிற மேடைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீரே கிடையாது. எச்சில் கிளாஸ்களைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். கிளாஸ் கழுவக் கூட மதிக்காத கடைக்கு ஏன் போனார்கள்? வேறு கடைகளில் விடவில்லை. அதனால்தான். எங்கள் ஆட்கள் கழுவாத டம்ளரில் ஏன் குடித்தார்கள் என்று டவுனில் படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. இதே பதில்தான்.

எதிரே சின்னப் பூங்காவில் நான்கு மனித உருவங்கள். நான்கும் வெள்ளை நிறத்தில். கலகத்தோடு பெயர் சேர்ந்தவர்களில் மார்ஷா பி. ஜான்சன் கறுப்பர், சில்வியா ரிவேரா லத்தீன் அமெரிக்கர். இருவரும் 1970இல், வீடில்லாத திருநர் பிள்ளைகளுக்காக 'ஸ்டார்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, இந்த நினைவிடத்தைப் பற்றிய தன் இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற சொல்லையே எடுத்துவிட்டது. நினைவுச் சின்னம் வைத்தும் மறக்கடிக்கலாம்.

*

ஸ்டோன்வாலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்தாம் தெரு மூலையில் ஜூலியஸ். நான் இத்தனை தூரம் நடந்ததற்குப் பலன் இந்தக் கடையில்தான் கிடைத்தது.

தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடினால் கடை 'ஒழுங்கீனமான' இடம் என்று உரிமம் பறிபோகும் என்பது அந்தக் காலத்து நடைமுறை. 1966 ஏப்ரல் 21ஆம் தேதி, மட்டஷீன் சங்கத்தைச் சேர்ந்த டிக் லீட்ச், கிரேக் ராட்வெல், ஜான் டிம்மன்ஸ் மூவரும் கோட்டு, டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கூடவே பத்திரிகைக்காரர்கள். ஒவ்வொரு கடையாகப் போய், நாங்கள் தன்பால் ஈர்ப்பாளர்கள், ஒழுங்காக நடந்துகொள்வோம், ஊற்றுங்கள் என்று கேட்பது திட்டம். 1960இல் கறுப்பு மாணவர்கள் கிரீன்ஸ்பரோவில் உணவு மேடை முன் உட்கார்ந்து நடத்திய 'சிட்-இன்' போராட்டத்தைப் பார்த்து, இதற்கு 'சிப்-இன்' என்று பெயர். உறிஞ்சும் போராட்டம்.

முதல் கடை மூடியிருந்தது. அடுத்த இரண்டு கடைகளில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்! மறுப்பு வாங்கப் போனவர்களுக்கு பீர் கிடைத்தது. கடைசியாக ஜூலியஸ். இடையில் ராண்டி விக்கர் என்பவரும் சேர்ந்துகொண்டார். ஊற்றிக் கொடுக்கிறவர் கிளாஸை எடுத்து வைத்தார். இவர்கள் தாங்கள் யார் என்று சொன்னார்கள். அவர் கையை கிளாஸ் மேல் வைத்து மூடினார். அந்த நொடியை ஃப்ரெட் மக்டாரா படம் பிடித்தார்.

கண்ணாடிக் கிளாஸ், அதன் வாயை மூடிய ஒரு கை, எதிரே கோட்டுப் போட்ட மூன்று நான்கு பேர். அடி இல்லை, வசவு இல்லை. தீண்டாமையின் புகைப்படம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மது உரிம ஆணையத்தின் தலைவர், அப்படிக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லையே, அது ஊற்றிக் கொடுக்கிறவர் இஷ்டம் என்று கையை விரித்தார். எங்கேயும் எழுதவில்லை, எல்லோரும் கடைப்பிடித்தார்கள். நம் ஊர் மாதிரியேதான். எந்த டீக்கடையிலாவது பலகை மாட்டியா இரட்டைக் குவளை வைத்தார்கள்? கேட்டால், 'அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாரு பாக்குறா' என்பார்கள். இப்போது எங்கள் ஊர்க் கடையில் எங்கள் தெரு ஆளுக்குக் காகிதக் கப். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ். சுத்தம் கருதித்தான் காகிதக் கப் என்பது கடைக்காரர் பேச்சு. நாங்கள் கழுவ வேண்டிய வேலை மிச்சம், அவ்வளவுதான் மாற்றம். நகர மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த வில்லியம் பூத், அவர் கறுப்பர், இந்த மறுப்பை எதிர்ப்போம் என்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் நீதிமன்றங்களிலும் பிடி தளர்ந்தது. ஜூலியஸ் கடை 2022 டிசம்பரில் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது.

கறுப்பு, சாதி, தன்பால் ஈர்ப்பு எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பால்ட்வின் வாயைத் திறக்குமுன் அவர் நிறம் சொல்லிவிடும். ஜூலியஸுக்குப் போனவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்பார்கள். எத்தனையோ வருடம் அப்படித்தான் குடித்தார்கள். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதுதான் போராட்டம். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். ஊரில் நம் முகவரியே சொல்லிவிடும். டவுனில், வெளிநாட்டில், நாம் சொல்கிற வரைக்கும் குடிக்கலாம்.

இதைச் சொன்னபோது அண்ணன் மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்:

"எங்க டீம்ல நம்மூர்க்காரங்க ஆறு பேரு அத்தே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேர்ந்து குடிக்கப் போவோம். ஒருத்தன் முதுகுல தட்டுற மாதிரி தடவிப் பாப்பான், நூல் இருக்கான்னு. சொந்த ஊர் எது, எந்தத் தெருன்னு கேப்பான். நான் ஏதாச்சும் சொல்லி மழுப்பிருவேன்."

"எத்தன வருசமா?"

"நாலு வருசமா."

அமெரிக்காவிலும் சாதி பார்ப்பதைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் போராட்டம் நடக்கிறது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் தடை போட்டது. அதே வருடம் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்றார். எழுதவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடும்போல.

நான் அவனுக்கு பாபாசாகேப் கதையைச் சொன்னேன். இதே நியூயார்க்கில்தான், வடக்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1913 முதல் 1916 வரை படித்தார். லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்று, இடத்தைத் தீட்டாக்கிவிட்டாய் என்று வெளியேற்றியது. அவ்வளவு படித்தவருக்கும் மறைத்து வாங்கிய இடம் பத்து நாள்தான் தாங்கியது.

பத்து வருடம் கழித்து மகாட். பொதுக் குளங்களில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று 1923இலேயே பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டாயிற்று. 1924இல் மகாட் நகராட்சியும் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியாயிற்று. யாரும் குடிக்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் ஊர்வலமாகப் போய், எல்லோரும் பார்க்க, கையால் அள்ளிக் குடித்தார். மக்கள் குடித்தார்கள். அடி விழுந்தது. சாணமும் மூத்திரமும் கலந்த குடங்களைக் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு நடந்து 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. ஆனால் மகாடில் அவர் வேறு பெயரில் போகவில்லை.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 1955 சட்டம், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வழக்கு எங்கே தோற்கிறது? சாட்சியில். ஜூலியஸுக்குப் போனவர்கள் கோபத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. தேதி குறித்து, பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு, காமிராவோடு போனார்கள். மறுக்கிற கை மறுப்பது தெரியாமல் மறுக்கப் பார்க்கும். அதைத் தெரிய வைப்பது நம் வேலை. எந்தக் கடை, எந்தக் கிளாஸ், எத்தனை மணி, கூட யார் இருந்தது என்று எழுதி வைக்கிற வேலை. நம் இளைஞர்கள் கையில் இன்றைக்குப் போன் இல்லாத ஆள் யார்?

போராடச் சொல்லி நான் அவனை வற்புறுத்தவில்லை. வேலை அவனுடையது, விசா அவனுடையது. வீட்டு வாசலில் நின்று தத்துவம் பேசுவது எனக்குச் சுலபம்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி போன் வந்தது.

"அத்தே, போன வெள்ளிக்கிழம அவன் மறுபடி கேட்டான். எந்தத் தெருன்னு. சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"காலனின்னு சொன்னேன். அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்து வீடுன்னு சொன்னேன்."

"ஊத்துனாங்களா?"

"ஊத்துனாங்க. சிரிச்சாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. இந்த வாரம் யாரும் கூப்பிடல அத்தே. போயிருக்காங்க, எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. பிறகு, "போன வெள்ளிக்கிழமை என்ன தேதிடா?" என்று கேட்டேன். சொன்னான். "எழுதி வச்சுக்கோ. மேசையில யார் யார் இருந்தாங்கன்னும் எழுது" என்றேன்.